சுண்டு விரலில் நான் வைத்த மை

தேவராஜ்,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் உனக்கு சிமெண்டு லாரி வந்துவிடுகிறது. வாட்ஸ்அப்பில் குரலைப் பதிந்து அனுப்பலாம் என்றால், நான் தடுமாறுகிற இடத்தையெல்லாம் நீ ஓட்டிவிட்டுக் கேட்பாய். நான் தடுமாறுகிற இடத்தைத்தான் நீ முக்கியமாகக் கேட்க வேண்டும். அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குத் தமிழ் வாத்தியார் வந்துகொண்டிருந்த காலத்தில் எட்டாவது வரை படித்த கை இது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். தபாலில் போட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து சேராது. குடுபல்லியில் ரயில் ஏறி தினமும் பெங்களூரில் உன் சைட்டுக்கு வருகிற நம் ஊர் ஆட்களிடம் கொடுத்தனுப்புகிறேன். கடிதத்தை நான் ஒட்டவில்லை. அவர்கள் வழியில் பிரித்துப் படித்தால் படிக்கட்டும். இது உனக்கு எழுதியதுதான், ஆனாலும் உனக்கு மட்டும் எழுதியது இல்லை.

போன திங்கட்கிழமை நீ போன் செய்து ஒரு கதை சொன்னாய். நீ மேஸ்திரியாக இருக்கிற சைட் வாசலுக்கு இரண்டு பெண்களும் ஓர் ஆளும் நீலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வேலையாட்கள் தங்கியிருக்கிற ஷெட்டில் உள்ள குழந்தைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து விடவேண்டும் என்றார்கள். நீ கேட்டைத் திறக்கவில்லை. "எங்க அக்கா கால துன்ன மருந்து அது, எங்கிட்டயே எடுத்துக்கினு வரியான்னு கேட்டு அனுப்சிட்டேன் நைனா" என்று சொல்லிச் சிரித்தாய். "நாட்ட வுட்டே போலியோ போய்டிச்சின்றாங்க, அப்பால இன்னாத்துக்கு சொட்டு?" என்றும் கேட்டாய். ஓனர் வேறு வெளியாட்களை உள்ளே விடாதே என்று சொல்லியிருக்கிறாராம். வருகிற ஞாயிற்றுக்கிழமை திரும்ப வருவோம் என்று சொல்லிவிட்டு அவர்கள் போனார்களாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரி வுடு" என்றேன். சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அந்த "சரி வுடு"வுக்காகத்தான் இந்தக் கடிதம்.

சுற்றி வளைக்காமல் முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் அக்கா கஸ்தூரியின் காலை அந்த மருந்து எடுக்கவில்லை. கால் போவதற்கு முன்னால் அவள் வாயில் அந்த மருந்து ஒரு சொட்டுகூட விழவில்லை. விழாமல் பார்த்துக்கொண்டவன் நான். விழுந்தது என்று நர்ஸம்மாவிடமும் ஊரிடமும் பிறகு உன்னிடமும் சொன்னவனும் நான். உண்மை தெரிந்தவர்கள் இரண்டே பேர் என்று ரொம்ப வருஷம் நினைத்திருந்தேன், நானும் உன் அம்மாவும். அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது. நானும் வாயை மூடிக்கொண்டே போய்விட்டால் அந்தப் பொய் உன் கேட்டில் நிரந்தரமாகக் காவலுக்கு நின்றுவிடும். ஷெட்டில் இருக்கிற நாற்பது குழந்தைகளுக்கு மருந்து கிடைக்காமல் அது தடுக்கும்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்பாய். நியாயம் சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை, ஆனால் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். உன் தாத்தாவுக்குக் கையகல நிலம் கிடையாது. பட்டா தருகிறோம், கையெழுத்துப் போட வா என்று ஒரு நாள் அவரையும் இன்னும் ஐந்தாறு பேரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். காகிதம் தெலுங்கில் இருந்தது. அவருக்குத் தமிழே படிக்கத் தெரியாது. கைநாட்டு வாங்கிக்கொண்டு கூடாரத்துக்குள் படுக்க வைத்தார்கள். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் என்று வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது. பட்டா வரவே இல்லை. எனக்கு அப்போது விவரம் தெரிகிற வயசு. அவர் லாரியிலிருந்து இறங்கி, யார் முகத்தையும் பார்க்காமல், காலை அகட்டி அகட்டி நடந்து வந்ததை நான் பார்த்தேன். அன்றிலிருந்து கவர்மெண்டு ஜீப் சத்தம் கேட்டாலே எங்கள் வீட்டில் கதவைச் சாத்துவோம். அந்த பயம் பொய் இல்லை. அதை நான் கொண்டுபோய் வைத்த இடம்தான் தப்பு.

இன்னொன்றும் இருக்கிறது, இது பயம் இல்லை, கொழுப்பு. நாம் இருக்கிற ஆந்திரா ஓரம் உனக்குத் தெரியும். வரப்பைத் தாண்டினால் தமிழ்நாடு, ரயில் ஏறினால் கர்நாடகா. மண்ணெண்ணெய் இங்கே கிடைக்காவிட்டால் அங்கே, அங்கே ஆள் தேடினால் இங்கே. "மூணு கவர்மெண்டு தேடனாலும் நம்பள புடிக்க முடியாது" என்று பேசிச் சிரிப்பதுதான் அப்போது எங்களுக்குப் பொழுதுபோக்கு. நான் அதில் பெரிய கில்லாடி. சொட்டு மருந்துக்காரர்களிடமும் அதே வித்தையைக் காட்டினேன். ஆந்திரா நர்ஸம்மா வந்தால் "மாமியார் வூட்ல, வேப்பனப்பள்ளி பக்கம் போட்டாச்சி" என்பேன். வேப்பனப்பள்ளிப் பக்கம் போயிருக்கும்போது கேட்டால் "குடுபல்லில போட்டாச்சி" என்பேன். பெங்களூரில் கேட்டால் "ஊர்ல போட்டாச்சி". மூன்று ராஜ்ஜியத்திலும் மருந்து போட்டுக்கொண்ட ஒரே குழந்தை உன் அக்காதான், என் வாய்ப்பேச்சின்படி. ஒன்றில்கூடப் போடவில்லை.

அந்த வருஷங்களில்தான் பெங்களூரில் எங்கு பார்த்தாலும் கட்டடம் எழும்ப ஆரம்பித்தது. கண்ணாடி கண்ணாடியாகக் கம்பெனிகள் வந்தன. நம் பக்கத்து ஆண்கள் பாதிப் பேர் விடியற்காலை ரயிலில் தொங்கிக்கொண்டு போய்க் கம்பி கட்டினோம். வேலை நீண்டால் குடும்பத்தோடு அங்கேயே தகரக் கொட்டகையில் தங்குவோம். இப்போது உன் ஷெட்டில் இருக்கிறவர்களைப் போலத்தான் தேவராஜ், ஒரு வித்தியாசமும் இல்லை. என்ஜினீயர் ஒருவர் கம்பியில் அளவு குறிக்க எனக்கு ஒரு மார்க்கர் பேனா கொடுத்திருந்தார். கறுப்பு மை, தண்ணீர் பட்டாலும் போகாது. ஊருக்கு வந்திருந்தபோது, மறுநாள் நர்ஸம்மா வீடு வீடாக வருகிறார், வாய்ப்பேச்சை நம்புவதில்லை, குழந்தையின் இடது சுண்டு விரலில் மை இருக்கிறதா என்று பார்க்கிறார் என்று கேள்விப்பட்டேன். பேனா என் சட்டைப் பையிலேயே இருந்தது. கஸ்தூரிக்கு அப்போது இரண்டரை வயசு. மடியில் உட்கார வைத்துச் சுண்டு விரல் நகத்தில் பூசினேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். மற்ற விரல்களையும் விரித்து நீட்டி, "இதுக்கும் வை நைனா, இதுக்கும் வை" என்று ஒன்பது விரலுக்கும் கேட்டாள். ஒன்று போதும் என்று பேனாவை மூடிவிட்டேன்.

நர்ஸம்மா என்றால் நாகரத்தினம்மா. உனக்கு அவரைத் தெரியாது. தெலுங்குக்காரர், நம்மிடம் பேசும்போது பாதித் தமிழ் பாதித் தெலுங்கு. வெயிலில் ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே வருவார். அன்றைக்கும் வந்தார். கஸ்தூரியின் விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "எவரு வேசினாரு?" என்று கேட்டார், யார் போட்டது என்று. நான் வாயைத் திறப்பதற்குள் உன் அக்கா பளிச்சென்று "நைனா" என்றாள். நான் சிரித்துக்கொண்டே, "நைனாதான் தூக்கிக்கினு போனாருன்னு சொல்லுதும்மா, தமிழ்நாட்ல போட்டாங்க" என்றேன். அந்த அம்மா என்னைப் பார்த்தார். விரலைப் பார்த்தார். அப்புறம் நோட்டில் எழுதிக்கொண்டு, சுண்ணாம்புக் கட்டியால் நம் கதவில் அடையாளம் போட்டுவிட்டுப் போனார். குழந்தை உண்மையைச் சொல்லியும் நான் ஜெயித்துவிட்டேன். அன்று மத்தியானம் டீக்கடையில் இந்தக் கதையைச் சொல்ல ஆசையாக இருந்தது, எப்படியோ அடக்கிக்கொண்டேன். இப்போது நினைத்தால், அன்றைக்கே வாய் தவறி உளறியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த மாசம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்தோம். நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. பாயிலிருந்து எழுந்து நிற்கப் போனவள், இடது கால் மடங்கிக் கீழே உட்கார்ந்துவிட்டாள். விளையாடுகிறாள் என்று உன் அம்மா சிரித்தாள். தூக்கி நிறுத்தினாள், திரும்பவும் உட்கார்ந்துவிட்டாள். மூன்றாம் தடவை அம்மா சிரிக்கவில்லை. வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் காலைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போலியோ என்றார். "சொட்டு மருந்து போட்டீர்களா?" என்று கேட்டார். உன் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். என் சட்டைப் பையில் மார்க்கர் கசிந்த கறை அன்றும் இருந்தது, அதை அவள்தான் தேய்த்துத் தேய்த்துத் துவைத்திருந்தாள். நான் "போட்டோம் சார்" என்றேன். நகத்தின் நுனியில் மிச்சமிருந்த மையைக்கூடக் காட்டினேன். முதல் பொய் பயத்தாலும் கொழுப்பாலும் சொன்னது. இரண்டாவது பொய் வெட்கத்தால் சொன்னது, அதுதான் ரொம்பப் பேரைப் பிடித்து ஆட்டியது.

ஊர் என்ன நினைக்கும்? விரலில் மை இருக்கிறது, அப்பன் போட்டது என்கிறான், கால் போய்விட்டது. மருந்துதான் காலை எடுத்தது என்று பேசிக்கொண்டார்கள். நான் அப்படி வாய் திறந்து சொல்லவில்லை. யாராவது சொல்லும்போது தலையைக் குனிந்துகொள்வேன், அவ்வளவுதான். தலை குனிந்த அப்பனைப் பார்த்து ஊரே நம்பியது. அடுத்த தடவை நாகரத்தினம்மா வந்தபோது ஒரு வீடும் திறக்கவில்லை. ஒருத்தி அவர் பெட்டியைத் தட்டிவிட்டாள். மருந்துப் புட்டிகள் மண்ணில் உருண்டன. அந்த அம்மா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துடைத்தார். நான் கஸ்தூரியைத் தோளில் வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றேன். அதன்பிறகு ஒவ்வொரு தடவையும் அவர் ஊருக்குள் வராமல், போர்வெல் பம்பு பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். தண்ணீர் பிடிக்க வருகிற பெண்களோடு பேசுவார். மருந்தைப் பற்றி எடுத்ததும் பேச மாட்டார், யாருக்கு இடுப்பு வலி, யாருக்குப் பால் சுரக்கவில்லை என்று கேட்பார். ஒருத்தி குழந்தையை எடுத்து வந்தாள், அடுத்த தடவை நாலு பேர். வேறு எந்தக் குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்குக் காரணம் அந்த அம்மாவின் பொறுமை. நான் போட்டது முட்டுக்கட்டை மட்டும்தான்.

இப்போது உன் காலைப் பற்றிச் சொல்கிறேன். நீ எட்டு மாசக் குழந்தை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் பெங்களூருக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தோம். வழியில் ஒரு ஸ்டேஷனில் சொட்டு மருந்துக்காரர்கள் பெட்டிக்குள் ஏறினார்கள். நீலப் பெட்டியைப் பார்த்ததும் நான் ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். தூக்கம் வரவில்லை, நடிப்பு. முன்பின் தெரியாதவர்களிடம் ஒரு வார்த்தை பேசாத உன் அம்மா, "எம்மா, இங்க வா. இவனுக்கு ஒருவாட்டிகூட போடல. பெரியவளுக்கும் போடு" என்று கூப்பிட்டாள். எல்லாம் என் காதில் விழுந்தது. நீ அழவில்லை, இன்னும் வேண்டும் என்று நாக்கைச் சப்பினாய். ரயில் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் உன் அம்மா உன் சுண்டு விரலைப் பிடித்து என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். "இது நெஜ மை. தூங்கனது போதும், கண்ண தொறந்து பாரு" என்றாள். ஊதா நிறம். அதற்கப்புறம் ஒரு தடவைகூட அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு போலியோ ஞாயிறும் என்னைக் கேட்காமல் உன்னைத் தூக்கிக்கொண்டு போனாள். இன்று நீ பத்தாவது மாடிக்குச் சாரத்தில் ஏறிப்போகிறாயே, அந்தக் காலை உனக்குக் காப்பாற்றிக் கொடுத்தவள் அவள்தான்.

சில வருஷத்துக்கு முன்னால் குப்பம் பஸ் ஸ்டாண்டில் நாகரத்தினம்மாவைப் பார்த்தேன். ரிடையர் ஆகித் தலை முழுக்க நரைத்திருந்தது. நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன், அவரே கூப்பிட்டுவிட்டார். "கஸ்தூரி எட்ல உந்தி நாயனா?" என்று, அவள் எப்படி இருக்கிறாள் என விசாரித்தார். சித்தூரில் மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் டோக்கன் கவுண்டரில் வேலை, சொந்தமாக ஸ்கூட்டர் ஓட்டுகிறாள் என்றேன். சந்தோஷப்பட்டார். பிறகு, "அன்னிக்கி அந்த மை. மாதி ஊதா ரங்கு. பாப்பா வெரல்ல இருந்தது கறுப்பு. நான் பாத்துட்டேன்" என்றார். அவர்கள் வைக்கிற மை ஊதாவாம். "தெரிஞ்சிதான் எழுதிக்கினேன். இன்னும் ஏழு வீடு கீது, பெட்டில ஐஸ் கரைஞ்சிக்கினு கீது. பரவால்ல, இன்னொருவாட்டி வாய தெறம்மான்னு சொல்லி ரெண்டு சொட்டு வுட்டிருக்கலாம். கூட ரெண்டு சொட்டு போனா ஒண்ணும் ஆவாது. வுடாம போய்ட்டேன். தப்பு நாதே" என்றார், தப்பு தன்னுடையதாம். அப்புறம் அவராகவே சொன்னார்: "அப்பால ஊரே என்ன தொரத்தும்போதும் சொல்லல. கால் போன கொழந்தய தூக்கிக்கினு நிக்கற தகப்பன பொய்யன்னு சொன்னா எந்த வீடு எனக்கு தெறக்கும்?" அவர் பஸ் வந்துவிட்டது. இல்லம்மா, தப்பு என்னுது என்று சொல்ல எனக்கு அரை நிமிஷம் இருந்தது. சொல்லவில்லை. பையைத் தூக்கிப் படியில் வைத்துக் கொடுத்தேன். அவ்வளவு பெரிய மனுஷன் உன் அப்பன்.

போலியோதான் போய்விட்டதே, இன்னும் எதற்கு என்று நீ கேட்டதற்கு வருகிறேன். நம் பட்டுப்புழுக் கொட்டகையில் நான் என்ன செய்கிறேன் என்று சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறாய். ஒவ்வொரு தடவையும் புதுப் புழு இறக்குவதற்கு முன்னால் பிளீச்சிங் பவுடர் கரைத்துச் சுவர், தட்டு, தரை எல்லாம் கழுவுகிறேன். போன தடவை ஒரு புழுவுக்குக்கூட நோய் வரவில்லை, அதனால் இந்தத் தடவை கழுவ வேண்டாம் என்று என்றைக்காவது விட்டேனா? கழுவியதால்தான் வரவில்லை. எங்கோ ராமகுப்பத்தில் ஒரு கொட்டகையில் புழு பால் மாதிரி ஆகிச் செத்துக்கொண்டிருந்தால், அது யார் காலில் ஒட்டிக்கொண்டு நம் வாசலுக்கு வரும் என்று யாருக்குத் தெரியும்? நாட்டில் இல்லை என்றால் உலகத்திலேயே இல்லை என்று அர்த்தம் இல்லையாம், இன்னும் சில தேசங்களில் இருக்கிறதாம். அது திரும்பி வந்தால் முதலில் தேடுவது நிலையாக ஓர் ஊரில் இல்லாத பிள்ளைகளைத்தான். ஊரில் கேட்டால் பெங்களூரில், பெங்களூரில் கேட்டால் ஊரில் என்று எந்த நோட்டிலும் பெயர் ஏறாத பிள்ளைகள். உன் ஷெட்டில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருக்கிறார்களே, அந்தப் பிள்ளைகள். புழுவுக்குப் பார்த்த புத்தியை நான் பெற்ற பெண்ணுக்குப் பார்க்கவில்லை. வெளியாட்களை விடக்கூடாது என்று ஓனர் சொன்னாராம்! தண்ணீர் லாரிக்காரன் வருகிறான், பிரியாணிப் பொட்டலம் வருகிறது, சிம் கார்டு விற்கிறவன் குடை போட்டு உட்கார்ந்திருக்கிறான். இரண்டு சொட்டு மருந்துக்கு மட்டும் உன் கேட்டு இரும்புக் கேட்டு ஆகிவிட்டதா?

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை தேவராஜ். பள்ளிக்கூடத்தில் அக்காவை நொண்டி என்று சொன்ன பையனின் பல்லை உடைத்துவிட்டு வந்தாயே, அன்று உன்னை அடிக்கக் கை ஓங்கி, முடியாமல் கொல்லைப்பக்கம் போய் அழுதேன். அதே கோபத்தோடுதான் நீ போன ஞாயிறு கேட்டில் நின்றாய். அக்காமேல் உனக்கு இருக்கிற பாசம் நூற்றுக்கு நூறு சுத்தம். உன் கோபத்துக்கு நான்தான் தப்பான ஆளைக் கைகாட்டிவிட்டேன். என்னைத்தான் காட்டியிருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை சித்தூர் பஸ் ஏறினேன். மாங்காய் சீசன் இல்லாததால் கஸ்தூரியின் கவுண்டரில் கூட்டம் இல்லை. வாசல் டீக்கடைக்கு வரச்சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்றும் வரவில்லை, நேராக விஷயம்தான் வந்தது. அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள், "நீ மை வெக்கும்போது நான் அழுதனா?" என்று கேட்டாள். "இல்ல. மத்த ஒம்போது வெரலுக்கும் வைன்னு கேட்ட" என்றேன். டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்தாள். முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்து நடந்துபோய், ஸ்கூட்டரில் ஏறித் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். இரண்டு நாள் என் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள், அதாவது இன்று காலை, அவளே கூப்பிட்டாள். "எங்கிட்ட சொல்லிட்டு நீ லேசா ஆய்ட்ட நைனா. எங்காலு லேசா ஆவுமா?" என்றாள். அப்புறம், "மன்னிக்கறதெல்லாம் அப்பால பாக்கலாம், இப்ப வராது. எம்பேர சொல்லித்தான தம்பி கேட்ட சாத்திக்கினு கீறான்? எம்பேர்ல இன்னொரு கொழந்தைக்கி கால் போவக்கூடாது. அவனுக்கு இன்னிக்கே எழுது. ஒண்ணையும் மறைக்காத" என்றாள். மறைக்கவில்லை. அவள் சொல்லித்தான் எழுதுகிறேன் என்பதையும் மறைக்கவில்லை.

நானும் அவளும் ஞாயிற்றுக்கிழமை முதல் ரயிலில் வருகிறோம். அவளுடைய ஸ்கூட்டர் இல்லாமல் அவ்வளவு தூரம் வருவது அவளுக்குக் கஷ்டம். நான் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், நீ யார் சொல்ல என்று கேட்டுவிட்டாள். சொட்டு மருந்துக்காரர்கள் வரும்போது நாங்கள் உன் கேட்டில் நிற்போம். அந்த இரண்டு பெண்களிடமும், ஷெட்டில் இருக்கிற தகப்பன்மார்களிடமும், என்னை யாரோ எப்படியோ ஏமாற்றினார்கள் என்று இழுக்காமல், இவள் காலுக்குப் பொறுப்பு நான் என்று சொல்லப் போகிறேன். எனக்குத் தெரிந்த ஓட்டை இந்தியில் சொல்வேன், மிச்சத்தை நீ சொல்லிக் கொடு. மேஸ்திரியின் அப்பன் பொய்யன் என்று சைட் முழுக்கத் தெரிந்துவிடும். உனக்கு வெட்கமாக இருக்கும். இருக்கட்டும், இத்தனை வருஷம் அந்த வெட்கத்துக்குப் பயந்துதான் இவ்வளவும் ஆனது. அவர்களில் யாருக்காவது என்னைப்போல ஒரு பயம் இருந்தால், நாகரத்தினம்மா மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து கேட்போம். நாள் முழுக்க ஆனாலும் கேட்போம். ஓனர் ஏதாவது சொன்னால் என்னிடம் பேசச் சொல். அது முடிந்ததும் திங்கட்கிழமை நான் திருப்பதிக்குப் போகிறேன். நாகரத்தினம்மா அங்கே மகள் வீட்டில் இருக்கிறாராம். பஸ் ஸ்டாண்டில் விட்ட அரை நிமிஷப் பேச்சு ஒன்று பாக்கி இருக்கிறது.

கடைசியாக ஒன்று. மத்தியானம் கஸ்தூரி திரும்பவும் போன் செய்தாள். கடையில் நகப்பூச்சு வாங்கியிருக்கிறாளாம், சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று ஒன்பது நிறம். எதற்கு என்று கேட்டேன். "மருந்து போட்டா ஒரு வெரலுக்கு அவங்க மை வெப்பாங்க நைனா. மத்த ஒம்போதுக்கும் யாராவது கேட்டா, நான் வெக்கிறேன்" என்றாள்.

நீ கேட்டைத் திறந்து வை.

உன் நைனா